துடைப்பமன்று, சோதனைக் குப்பி



சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் பணித்தது. ஆயினும், ஏட்டைப் படித்து ஒப்புவிப்பது மட்டும் கல்வியாகாது; கையால் செய்து, கண்ணால் கண்டு அறிவதே கல்வி.

இதில் நாம் விழிப்போடிருத்தல் வேண்டும். தூய்மைப் பணி என்னும் பெயரால் நம் பிள்ளைகளின் கையில் மட்டும் துடைப்பத்தைக் கொடுப்பது கல்வியன்று. பழைய இழிவின் புதிய வேடம். பெருக்குவதாயின் எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துப் பெருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்கு நீர்ச் சோதனைக் குப்பியைக் கொடுப்போம். ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் குடிநீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் பெரும்பாலும் கறுத்துவிடும். சேரிக் குழாயின் நீரையும் ஊர்க் குழாயின் நீரையும் ஆசிரியர் துணையோடு சோதித்து, நாள் குறித்துப் பதிவு செய்யட்டும். ஊராட்சியிடம் நாம் கொடுக்கும் விண்ணப்பத்திற்கு அப்பதிவே சான்றாகும்.

1927-இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகியது, பொதுநீரில் நமக்குள்ள உரிமையை நிலைநாட்டவே. அந்நீர் தூயதா எனச் சோதித்தறிவதும் அவ்வுரிமையின் தொடர்ச்சியே. அப்பணியை நம் மாலைப் பள்ளியிலேயே தொடங்குவோம்.