வீட்டில் சும்மாவா இருந்தோம்?

(பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஏழு வருஷம் கோன் வைண்டிங்கில் நின்ற ஒரு தாய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடியும் மில் கேட்டுக்கு வருகிறாள். ஆபீசில் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி என்ன? “இத்தனை வருஷம் வீட்டில் சும்மாதானே இருந்தாய்?” என்பதுதான். அந்த ஒரு சொல்லில் அவளுடைய பழைய சர்வீஸ் அடிபட்டுப் போகிறது. கைத்திறன் அடிபட்டுப் போகிறது. பழகுநர் என்றோ, காண்ட்ராக்ட் ஆள் என்றோ பெயர் சூட்டி, நேற்று வந்த சிறுமிக்குக் கொடுக்கும் கூலியில் அவளை நிறுத்துகிறார்கள்.

சும்மாவா இருந்தோம்? இரவு ஷிப்ட் முடித்து வந்த புருஷன் பகலில் தூங்க வேண்டுமே என்று, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனவர்கள் யார்? அந்தத் தூக்கம் இல்லாமல் அவன் அன்றிரவு பிரேம் முன்னால் நின்றிருப்பானா? மில் ஓடியதில் நமக்கும் பங்கு உண்டு. கூலிதான் இல்லை, மஸ்டர் ரோலில் பெயர்தான் இல்லை.

அவள் வேலையை விட்டது தன் இஷ்டத்திலா? சட்டம் இல்லாமல் போகவில்லை. 1929ல் பம்பாய் மாகாணத்தில் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. 1961ல் தேசம் முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2017ல் 12 வாரச் சம்பள லீவு 26 வாரமாயிற்று. இரண்டு குழந்தைகள் உள்ளவளுக்கு அடுத்த பிரசவத்தில் 12 வாரமே. 2020ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே அளவுதான். நல்லது. ஆனால் 26 வாரம் என்பது ஆறு மாதம். ஏழாம் மாதம் அந்தக் குழந்தையை எங்கே விடுவது?

இங்கேதான் நம்மவர்கள் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். குழந்தைக் காப்பகம் ஒன்றும் புதுக் கோரிக்கை அல்ல. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அது இருந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வேண்டும் என்றிருந்ததை 1976ல் 30 பெண்களுக்கு மேல் என்று திருத்தினார்கள். 2017ல், ஆணும் பெண்ணுமாக 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று விதித்தார்கள். நடப்பதென்ன? நாம் பார்த்த ஓர் இடத்தில் காப்பகம் என்று போர்டு தொங்குகிறது. உள்ளே காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. பெட்டிக்கு இருக்கிற இடம் பிள்ளைக்கு இல்லை!

திரும்பி வரும் தாயை மில்காரர் ஏன் விரும்புவதில்லை? வயதாகிவிட்டதாம். அதுவல்ல விஷயம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததை இங்கே அறியாதவர் இல்லை. கல்யாணமாகாத ஏழைப் பெண் பிள்ளைகளைக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்து, ஹாஸ்டலில் பூட்டி வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். கை தேறுகிற நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பிரசவ லீவு இல்லை, காப்பகம் இல்லை, சீனியாரிட்டி இல்லை. 1972ஆம் வருஷச் சட்டப்படி கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டியிருந்தது. திட்டமோ மூன்று வருஷம். கணக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, பாருங்கள்! நரைத்த தலையைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. உரிமை தெரிந்த வாயைக் கண்டுதான் பயப்படுகிறார்கள்.

மிஷின் மாறிவிட்டது, இவளுக்குத் தெரியாது என்றும் சொல்கிறார்கள். மாறியது உண்மை. அறுந்த நூலைக் கையால் முடிச்சுப் போட்ட காலம் போய், ஆட்டோகோனர் தானே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எந்த பாபினில் கோளாறு, நூல் ஏன் இத்தனை முறை அறுகிறது என்று பார்க்கக் கண் பழகியிருக்க வேண்டும். அந்தக் கண் இவளிடம் இருக்கிறது. புது மிஷினைச் சம்பளத்தோடு சில வாரம் பழக்கிக் கொடுத்தால் போதும். அதைச் செய்யாமல், “இரவு ஷிப்டுக்கு வருவதானால் வேலை, இல்லையானால் இல்லை” என்கிறார்கள். பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற பழைய விதியைச் சென்னை ஹைகோர்ட் 2000ல் ரத்துச் செய்தபோது, போக்குவரத்து, பாதுகாப்பு என்று நிபந்தனைகளும் போட்டது. ஷிப்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டால் எப்படி?

விவசாயத் தொழிலாளித் தாய்மார்கள், “எங்களுக்கு ஏதம்மா பத்து வருஷ லீவு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடவுக்குப் போகாத அன்று உலை வைக்க அரிசி இல்லை. வரப்பு மரத்தில் தூளி கட்டிவிட்டு, காது தூளியிலும் கை நாற்றிலுமாக நிற்கிறார்கள். மில்காரன் பத்து வருஷம் கழித்து வந்தவளை உள்ளே விடமாட்டேன் என்கிறான். பசியோ பத்து வாரம்கூட வயலை விட்டு வெளியே விடமாட்டேன் என்கிறது. 1961ஆம் வருஷச் சட்டம் வயலுக்கு வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவி 18,000 ரூபாயாக உயர்ந்தது. அது தவணை தவணையாக வருகிறது, நடவு தவணையில் வருவதில்லை. 2005ஆம் வருஷ ஊரக வேலைச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: வேலைத் தளத்தில் ஆறு வயதுக்குக் கீழே ஐந்து குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும். பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த இடம் அது. பண்ணைகளிலும் அதை நாம் கேட்க வேண்டும்.

முன்வரிசையில் ஆண் தோழர்கள் சிரிக்கிறார்கள். உங்களுக்கும் உண்டு. போனஸ் பேச்சுக்கு மூன்று நாள் உட்காருகிறீர்கள். காப்பகம் என்றால், “அது பெண்கள் விஷயம், கடைசியில் பார்க்கலாம்” என்கிறீர்கள். கடைசி வருவதே இல்லை. பகல் ஷிப்ட் பார்க்கிறவன் மாலையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் கையா தேய்ந்துவிடும்? அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இவை முதலில் வர வேண்டும்: திரும்பி வரும் பெண்ணின் பழைய சர்வீஸைச் சம்பளத்தில் கணக்கிடுவது, ஷிப்ட் தொடங்குமுன் காப்பகக் கதவைத் திறப்பது.

தாய்மார்களே, ஒன்றை மட்டும் இன்றே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு நிற்கும்போது பி.எப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடாதீர்கள். 1995ஆம் வருஷத் திட்டப்படி மாதப் பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பணமாக எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், திரும்பி வந்து சேரும்போது பழைய வருஷங்கள் கூடும். ஏழு வருஷம் பார்த்தவளுக்கு இன்னும் மூன்று வருஷம் போதும். கடிதம் எதிலும் கையெழுத்துப் போடுமுன் சங்கத்தில் காட்டுங்கள். பழைய டோக்கன், பி.எப். நம்பர், ஈ.எஸ்.ஐ. கார்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். கைக்குழந்தை இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். சங்க ஆபீஸில் தூளி கட்ட நல்ல உத்திரம் இருக்கிறது.