சுற்றுச்சூழல் வல்லுநர் சங்கத்தில் தொண்டும் தலைமையும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணக் குடும்பங்களின் தொழில்முறை இரண்டு தலைமுறைகளுக்குள் பெரிதும் மாறிவிட்டது. பாட்டனார் நிலத்தை நம்பி வாழ்ந்தார். தந்தையார் ஆசிரியராகவோ அலுவலராகவோ பணிபுரிந்து ஓய்வு பெற்றார். பெயரப் பிள்ளைகளோ பொறியியல், நிலவியல், உயிரியல் எனப் பல துறைகளிலும் பரவி நிற்கின்றனர். அவர்களுள் சுற்றுச்சூழல் பொறியியல் கற்று, அத்துறை ஆலோசனை நிறுவனங்களில் பணியேற்போரும் உண்டு. பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்று உறவினர் வினவினால், "ஏதோ சுற்றுச்சூழல் கம்பெனி" என்பதோடு பெற்றோர் நிறுத்திக்கொள்கின்றனர். அந்த வேலை இன்னதென்பதும், அதனைச் செய்வோர் தமக்குள் அமைத்துக்கொண்ட சங்கங்களில் ஊதியமின்றி ஆற்றும் தொண்டு எத்தகையதென்பதும் சமணக் குடும்பங்கள் அறியத்தக்கவை.

ஒரு சுரங்கமோ, துறைமுகமோ, அனல்மின் நிலையமோ அமைக்க அரசின் இசைவு வேண்டுமாயின், அதனால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் மரஞ்செடி விலங்குகளுக்கும் மக்களுக்கும் நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே ஆய்ந்து அறிக்கையாக அளித்தல் வேண்டும். இதுவே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப்படுவது. இம்முறைக்குச் சட்ட வடிவம் முதன்முதலாக அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் 1970 சனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட்டார். அச்சட்டம் உருவாகத் துணைநின்றவர்களுள் இந்தியானா பல்கலைக்கழக அரசியல் பேராசிரியர் லிண்டன் கால்டுவெல் முதன்மையானவர். நல்ல கொள்கையை எழுதிவைத்தால் மட்டும் போதாது, செய்யப்போவதன் விளைவை எழுத்தில் சொல்லுமாறு அரசுத் துறைகளைச் சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும் என்பது அவர்தம் கருத்து. பின்னர் இம்முறை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவிற்று. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு அறிவிக்கையால் கட்டாயமாயிற்று. 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட அறிவிக்கை அதனிடத்தைப் பெற்றது.

சமணர்க்கு இவ்வறிக்கையின் தலைப்புகள் புதியன அல்ல. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று சிறுவயதில் பாடசாலையில் கற்ற ஒருவன், அறிக்கையின் பொருளடக்கத்தைப் புரட்டுகையில் பழகிய ஊருக்குள் நுழைந்தாற்போல் உணர்வான்.

இனி, தொழிலின் இடர்ப்பாட்டைக் கூறவேண்டும். அறிக்கை எழுதும் வல்லுநர்க்கு ஊதியம் தருபவர் யார்? தொழிற்சாலையைத் தொடங்க விழையும் உரிமையாளரே. தேர்வு எழுதும் மாணவனே தேர்வாளருக்குச் சம்பளம் கொடுப்பதைப் போன்றதொரு நிலை இது. அறிக்கை பாதகமாக அமைந்தால் அடுத்த வேலை வேறு நிறுவனத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் எப்போதும் தலைக்குமேல் தொங்கும். மகாராட்டிர மாநிலத்தில் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்கென அளிக்கப்பட்ட அறிக்கையில், உருசிய நாட்டுச் சுரங்கம் ஒன்றின் அறிக்கைப் பகுதிகள் அவ்வாறே பெயர்த்து வைக்கப்பட்டிருந்தமை சில ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்டது. கொங்கணக் கரையின் மண்ணையும் மழையையும் நேரில் சென்று பாராமல், எங்கோ உள்ள பனிநாட்டின் செய்தியைப் படியெடுத்து ஒட்டினர்.

சத்திய அணுவிரதத்துக்கு ஆசாரியர்கள் ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளனர். அவற்றுள் ஒன்று கூடலேக கரணம், அதாவது பொய்யாவணம் எழுதுதல். வாயால் பொய் சொல்வதை மட்டும் விலக்கிய அறம் அன்று அது. கையால் எழுதும் பொய்யையும் பெயரிட்டு விலக்கியது. இந்நாளில் அந்தச் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுத் தேடினும் கிடைத்தல் அரிது.

இளம் வல்லுநன் ஒருவன் தனித்து நின்று, "இதனை எழுதமாட்டேன்" என்று மேலாளரிடம் மறுப்பது எளிதன்று. விரதம் அவனுக்கு உள்ளத்தில் உறுதி தரும். வெளியிலும் ஒரு துணை வேண்டும். தன் தொழிலைச் செய்வோர் அனைவரும் ஏற்ற நெறி இது என்று காட்டத்தக்க ஏடு கையில் இருப்பின் அவன் சொல்லுக்கு எடை கூடும். அத்தகைய ஏடுகளை அரசு மட்டும் எழுதுவதில்லை. தொழில் வல்லுநர் சங்கங்களில் தொண்டுக்கு முன்வந்தோர், பகல் வேலை முடிந்த பின்னர் மாலையிலும் விடுமுறையிலும் அமர்ந்து எழுதியவை அவற்றுள் பல.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் வல்லுநர்களின் தேசியச் சங்கம் 1975இல் தோன்றியது. உலக அளவில் பெயர்பெற்ற பன்னாட்டுத் தாக்க மதிப்பீட்டுச் சங்கம் 1980இல் தொடங்கப்பெற்றது. இப்பின்னதனைச் சற்று விரிவாகக் காண்பது தகும். வட டக்கோட்டா மாநிலத்தின் ஃபார்கோ என்னும் நகரில் இயங்கிவந்த அதன் தலைமை அலுவலகத்தில் ஊதியம் பெறுவோர் மிகச் சிலரே. உறுப்பினரோ நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பரந்துள்ளனர். அவ்வளவு பெரிய அமைப்பு நடப்பது தொண்டர்களின் உழைப்பால்தான்.

அத்தொண்டு எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் சிறிய பணியில்தான். சங்கத்தின் ஆண்டு மாநாடு ஒவ்வோராண்டும் வெவ்வேறு நாட்டில் கூடும். 2007இல் சியோலிலும், 2016இல் நகோயாவிலும், 2018இல் டர்பனிலும், 2023இல் மலேசியாவின் கூச்சிங்கிலும் கூடியது. அமர்வுகளை முன்மொழிவதும், வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துத் தேர்வதும், அமர்வுக்குத் தலைமை தாங்கி நேரம் காப்பதும் உறுப்பினர்களே. பல்லுயிரியம், மக்கள் பங்கேற்பு, உடல்நலம், பழங்குடியினர், பண்பாட்டு மரபுரிமை எனப் பொருள்தோறும் பிரிவுகள் உள்ளன. மாணவர்க்கும் தொழிலில் புதிதாய்ப் புகுந்தோர்க்கும் தனிப்பிரிவு உண்டு. பிரிவுத் தலைவர்க்கு ஊதியம் இல்லை. கடிதங்களுக்கு விடை எழுதுவதும், கூட்டம் கூட்டுவதும், கூட்டத்துக்கு வராதவரை மனம் நோகாமல் நினைவூட்டுவதும் அவர்தம் பணி. ஃபாஸ்ட்டிப்ஸ் என்ற பெயரில் ஒரு பொருளை இரண்டே பக்கத்தில் விளக்கும் வழிகாட்டித் தாள்களைச் சங்கம் வெளியிடுகிறது. அவையும் உறுப்பினர் எழுதித் தருவனவே. முப்பது ஆண்டு அனுபவத்தை இரண்டு பக்கத்துக்குள் அடக்குதல் எத்துணைக் கடினம் என்பதைச் சூத்திர நூல்களை வாசித்தவர் அறிவர்.

இத்தகைய தொண்டின் பயனுக்கு ஒரு சான்று போதும். 1999இல் இச்சங்கமும், பிரித்தானியாவின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனமும் இணைந்து, தாக்க மதிப்பீட்டின் சிறந்த நடைமுறைக்கான கோட்பாடுகளை வெளியிட்டன. சில பக்கங்களே கொண்ட சிறு ஏடு அது. மதிப்பீடு நேர்மையாகவும் நடுநிலையாகவும் நிகழ வேண்டும், முறை வெளிப்படையாக இருக்க வேண்டும், பாதிக்கப்படும் மக்களுக்கு அதில் இடம் வேண்டும் என்பன அதன் சாரம். பல நாட்டுப் பாடத்திட்டங்களிலும் பயிற்சிகளிலும் அவ்வேடு பயன்படுகிறது. வரைவை வாக்கியம் வாக்கியமாக விவாதித்தோரின் பெயர்களைப் பயன்படுத்துவோரில் பலர் அறியார். அறியாமை குறையும் அன்று. தானம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்காத தானம் சிறிதும் தாழ்ந்ததாகாது.

தலைமைப் பொறுப்பு இத்தொண்டின் வழியே வருவது. இச்சங்கத்தின் ஆட்சிக் குழுவினரை உறுப்பினரே வாக்களித்துத் தேர்வர். தலைவர் ஒரே நாளில் அரியணை ஏறுவதில்லை. முதலில் வருங்காலத் தலைவர் என்ற நிலையில் இருந்து கற்கிறார். பின்னர்த் தலைவராகிறார். அதன்பின் முன்னைத் தலைவராகக் குழுவில் அமர்ந்து புதியவருக்குத் துணைநிற்கிறார். ஏறுவதற்குப் படி வைத்ததுபோல் இறங்குவதற்கும் படி வைத்த ஏற்பாடு இது. ஊர்ப்புற அறக்கட்டளைகள் பலவும் இதனைக் கருதிப் பார்க்கலாம். பொறுப்பை விட்டவர் அடுத்த நாளே எதிரணியாகிவிடும் காட்சி எங்கும் அரிதன்று.

சமண நூல்கள் கூறும் நான்கு கஷாயங்களுள் ஒன்று மானம். தமிழில் மானம் என்றால் உயிரினும் மேலாகக் காக்கவேண்டிய பெருமை; சமண நூல் வழக்கிலோ அது செருக்கு, வினையைக் கட்டும் கசடு. ஒரே சொல் இருவேறு திசையில் நிற்பது மொழி பயில்வோர்க்குச் சுவையான செய்தி. சங்கப் பதவி விழைவோர்க்கு எச்சரிக்கையுமாகும். முகவரி அட்டையில் ஒரு வரி கூடுவதற்காகச் செயலாளராகி, ஆண்டு முழுதும் ஒரு குறிப்பேடும் எழுதாதவர் எல்லாச் சங்கங்களிலும் உள்ளனர். ஜினாலய விழாவில் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் வைத்தவரே பிற்காலத்தில் நல்ல தருமகர்த்தாவாக விளங்குவதை முதியோர் கண்டிருப்பர். வல்லுநர் சங்கத்துக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

இதில் தமிழ்ச் சமணர்க்கென ஒரு தனிக் காரணமும் உண்டு. மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டி மலையில் முனிவர்கள் தங்கிய குகைத்தளமும், தமிழிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் உள்ளன. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதியை 2022இல் தமிழ்நாடு அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அத்தகைய முதல் தலம் அதுவே. ஆயினும் 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தொகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கென ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மத்திய அரசு அதனைக் கைவிட்டது. வரைபடத்தில் எல்லைக்கோடு வரைபவருக்கு அங்கே தெரிவது கனிமம். கற்படுக்கையின் மழமழப்பும் காடியின் கீழ் உள்ள எழுத்தும் எவை என்று அறிந்த ஒருவர், கோடு வரையும் மேசையில் தொடக்கத்திலேயே இருத்தல் வேண்டும். பண்பாட்டு மரபுரிமையும் தாக்க மதிப்பீட்டின் ஓர் உறுப்பே. அதற்கெனத் தனிப்பிரிவு பன்னாட்டுச் சங்கத்தில் இருப்பதும் முன்னரே கூறப்பட்டது. தமிழகத்துச் சமண மலைகளைப் பற்றி அத்தகைய மேடையில் எடுத்துரைக்கத் தமிழ்ச் சமண இளைஞரினும் பொருத்தமானவர் யார்?

தொண்டாற்றத் தயங்குவோர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. நேரமில்லை என்பது முதலாவது. கட்டுரைச் சுருக்கங்களைப் படித்துக் கருத்துரைத்தல் மாதக்கணக்கான வேலை அன்று, சில மாலைப் பொழுதுகளில் முடிவது. பொருட்செலவு இரண்டாவது. இது மெய்யான தடை. வெளிநாட்டு மாநாட்டுக்குச் சென்றுவரும் செலவு நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமையே. மாணவர்க்கு உறுப்பினர் கட்டணம் குறைவு; பிரிவுப் பணிகள் பலவற்றை ஊரில் இருந்தபடியே கணினி வழி செய்யலாம். கல்விக்கு உதவித்தொகை வழங்கும் சமண அறக்கட்டளைகள், ஆண்டுக்கு ஒரு மாணவர்க்கேனும் இக்கட்டணத்தை ஏற்பது பெருஞ்செலவாகாது.

இவற்றினும் நுட்பமான ஓர் இடர் உண்டு. ஒரு நிறுவனத்திடம் ஊதியம் பெறுபவர், அதே நிறுவனத்தைத் தொடும் நெறிமுறைகளை வகுக்கும் குழுவில் அமரலாமா? அமரலாம், ஆனால் தம் தொடர்பை முதற்கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தம் நிறுவனத்தைப் பற்றிய பேச்சு எழும்போது விலகி நிற்கவும் வேண்டும். மறைத்தலும் பொய்யே எனக் கற்றவர்க்கு இது கடினமாயிராது.

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு அநர்த்த தண்ட விரதத்தை விதிக்கின்றன. பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியன அதில் விலக்கப்படுகின்றன. இல்லறத்தான் உழவும் சமையலும் இன்றி வாழ இயலாது என்பதை ஆசாரியர் அறிவார். எனவேதான் முற்றும் விலக்காமல், 'இது தேவைதானா' என்ற வினாவை அவன்முன் வைத்தார். தாக்க மதிப்பீட்டின் நெஞ்சமும் அவ்வினாவே. இத்திட்டம் வேண்டுமா, வேறிடம் உண்டா, வேறு வழி உண்டா என்று ஆராயும் மாற்றுவழிகள் பற்றிய இயல், நல்ல அறிக்கையில் விரிவாக இருக்கும். இட்டுக்கட்டிய அறிக்கையில் அரைப்பக்கத்தோடு முடிந்துவிடும். ஓர் அறிக்கையின் தரத்தை அறிய விரும்புவோர் அவ்வியலை முதலில் புரட்டுவது நன்று.

இந்தியாவில் 2006 அறிவிக்கையின்படி, பொது விசாரணை நடைபெறும் திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் அளித்தல் வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பும் வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அலுவலரோ தலைமை ஏற்க, ஊர் மக்கள் நேரில் வந்து கருத்துரைக்கலாம். ஆனால் தமிழ்ச் சுருக்கங்கள் பலவும் உழவர் படித்து உணரத்தக்கனவாய் இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொடர்கள், விளங்காத அலகுகள், நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கும் என்று கேட்டால் விடை தராத அட்டவணைகள். எளிய, பிழையற்ற தமிழில் இத்தகைய சுருக்கம் எவ்வாறு எழுதப்படவேண்டும் என்பதற்கு இரண்டு பக்க வழிகாட்டி ஒன்று தேவைப்படுகிறது. துறையறிவுடைய இளைஞர் இருவரும், தமிழ் கற்ற முதியவர் ஒருவரும் கூடினால் சில வாரங்களில் அதன் முதல் வரைவு எழுந்துவிடும்.