பான்சாய் வளர்ப்பில் நாங்கள் கற்றது

(தில்லியில் நடந்த நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்கள் மாடியில் ஏதோ குட்டி மரம் வளர்க்கிறீர்களாமே, அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் போன மாதம் கேட்டுக்கொண்டார். நான் தாவரவியல் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் 36 வருஷம் கோப்பு பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் பகுதி பான்சாய் குழுவில் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த கொஞ்சமும் அங்கே மற்றவர்களிடம் கற்றதுதான். ஆகவே மரத்தைப் பற்றிச் சொல்வதைவிட அந்தக் குழுவைப் பற்றிச் சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

பான்சாய் என்ற ஜப்பானியச் சொல்லில் 'பான்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. கலை சீனாவில் பிறந்து ஜப்பானுக்குப் போனது. ஜப்பானியர் அதைத் தங்களுடையதாகவே வளர்த்தெடுத்தார்கள். அதற்கென்று தனி விதை எதுவும் கிடையாது. சாலையோரத்தில் நிற்கும் அதே ஆல், அதே புளி, அதே மாதுளைதான். தட்டில் வைத்து, வேரையும் கிளையையும் கத்தரித்து, உருவத்தில் சிறியதாகவும் தோற்றத்தில் முதிர்ந்த மரமாகவும் காப்பாற்றுகிறோம். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் குழுவில் 14 பேர். பஞ்சாபி, வங்காளி, மலையாளி என்று எல்லோரும் உண்டு. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். குளிர்காலத்தில் ஒரு முறை லோதி தோட்டத்தில் உள்ள தேசிய பான்சாய் பூங்காவுக்குப் போய், ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று விவாதிப்போம். ஆனால் எங்கள் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் அரைமணி நேரம். அந்த மாதம் யார் வீட்டில் எந்த மரம் செத்தது, ஏன் செத்தது என்று அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது என்பது விதி. வெற்றியைச் சொல்ல எல்லோரும் தயார். தோல்வியைச் சொல்ல வைப்பதற்குத்தான் ஒரு குழு வேண்டியிருக்கிறது.

நான் சொன்ன முதல் தோல்வி இது. ஒரு மே மாதம், கும்பகோணத்தில் ஒரு கிருஹப்பிரவேசத்துக்காக நாலு நாள் போயிருந்தேன். வாட்ச்மேனிடம் தண்ணீர் விடச் சொல்லியிருந்தேன். அவரும் தவறாமல் விட்டார். ஆனால் மத்தியானம் 2 மணிக்கு, மாடிக் குழாயைத் திறந்து விட்டிருக்கிறார். தில்லியில் மே மாதத்து மத்தியானத்தில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். இரண்டங்குல ஆழமே உள்ள தட்டில் வேர் ஒளிந்துகொள்ள இடம் ஏது? திரும்பி வந்தபோது மூன்று மரங்கள் போய்விட்டன. வாட்ச்மேன் மேல் தப்பு இல்லை. எந்த நேரத்தில், எந்தத் தண்ணீரை என்று சொல்லாமல் போனது என் தப்பு. அன்றிலிருந்து ஊருக்குப் போகிறவரின் மரங்களுக்குப் பக்கத்து அங்கத்தினர் காலை 7 மணிக்குள்ளும், வெயில் காலத்தில் அஸ்தமனத்துக்குப் பிறகு இன்னொரு தடவையும், முதல் நாளே வாளியில் பிடித்து நிழலில் வைத்த தண்ணீரை விடுவது என்று முறை போட்டிருக்கிறோம். அந்த முறை வந்த பிறகு ஊருக்குப் போனதால் ஒரு மரமும் சாகவில்லை.

வெயிலுக்கு அடுத்த சத்ரு, அதிகத் தண்ணீர். இங்கே என் பௌதிகம் கொஞ்சம் உபயோகப்பட்டது. ஒரு கூட்டத்தில் பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்தேன். சொட்டி முடிந்தது. அதையே செங்குத்தாக நிமிர்த்தினேன். மறுபடியும் தண்ணீர் சொட்டியது! காரணம், மண்ணாகட்டும் ஸ்பாஞ்ச் ஆகட்டும், நுண்துளைகளின் இழுவிசையால் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த உயரம் துளைகளின் அளவைப் பொறுத்ததே தவிர, பாத்திரத்தின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. ஆழமான தொட்டியில் அந்த ஈர அடுக்குக்கு மேலே வேர் மூச்சு விட இடம் இருக்கிறது. தட்டில், அந்த அடுக்கே தட்டு முழுவதும் நிறைந்துவிடுகிறது. வேருக்கும் பிராணவாயு வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். ஆகவேதான் பான்சாய்க்குத் தோட்ட மண் ஆகாது. பதர்பூர் என்று இங்கே விற்கும் கரடுமுரடான மணல், உடைத்த செங்கல் துண்டு, மக்கிய எரு மூன்றையும் கலந்து, சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிவிட்டு உபயோகிக்கிறோம். எறியப்படுவது தூள், வைத்துக்கொள்வது கட்டி. சமையலறையில் மாவு சலிக்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்!

இப்போது வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். மரத்தை இப்படிக் குறுக்கி வைப்பது பாவம் இல்லையா? என் ஆத்துக்காரியே கேட்டாள். நான் ஓர் அரசங்கன்றைத் தட்டில் வைத்த அன்று, "அமாசோமவாரத்துக்கு இந்தத் தட்டைச் சுற்றியா 108 பிரதக்ஷிணம் பண்ணப் போறேள்?" என்றாள். வாஸ்து பார்ப்பவர்களில் சிலரும் குட்டை மரம் வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள். அவரவர் நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

மரத்தைப் பட்டினி போட்டால் அது குட்டையாகாது, செத்துப்போகும். கிளையின் நுனி மொட்டில் ஆக்ஸின் என்ற ஹார்மோன் உற்பத்தியாகிக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அடக்குமுறை போய், பக்க மொட்டுகள் துளிர்க்கின்றன. துளசியைக் கிள்ளக் கிள்ளப் புதராவது இதனால்தான். வேரிலும் தடித்ததை வெட்டினால் உணவு உறிஞ்சும் சல்லி வேர்கள் பெருகுகின்றன. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, தில்லியில் குளிர் விலகும் பிப்ரவரி - மார்ச்சிலோ மழைக்காலத்திலோ, இதைச் செய்து புது மண் போடுகிறோம். இலைகள் நாளடைவில் சிறுத்துவிடும். ஆனால் பூவும் காயும் அந்த அளவுக்குச் சிறுக்காது. முக்கால் அடி மாதுளையில் காய் பிடித்தால் கிளை ஒடியாமல் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். வதைபடும் மரம் காய்க்குமா என்பதே என் பதில். அந்த அரசங்கன்றை மட்டும், ஆத்துக்காரியின் விருப்பப்படி, கோயில் பக்கத்துப் பூங்காவில் நட்டுவிட்டேன். குடும்ப அமைதியும் ஒரு கலைதானே!

இந்தக் கலையின் ஆயுள் நம் ஆயுளைவிட நீளம். வாஷிங்டனில் உள்ள தேசிய பான்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. அது 1625 முதல் தட்டில் வளர்வது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், யமாகி குடும்பத்தாரின் வீட்டில் இருந்தது. மதில் சுவர் மறைப்பில் பிழைத்தது. 1976இல் அமெரிக்காவின் 200ஆவது ஆண்டு விழாவுக்கு ஜப்பான் அளித்த 53 மரங்களில் ஒன்றாக, மசாரு யமாகி என்பவர் அதைக் கொடுத்தார். 2001இல் அவருடைய பேரன்கள் பார்க்க வந்தபோதுதான், அது ஹிரோஷிமாவில் பிழைத்த மரம் என்பது அருங்காட்சியகத்தாருக்கே தெரிந்தது. எந்த நாட்டுக் குண்டிலிருந்து தப்பியதோ, அந்த நாட்டுக்காரர்கள் இன்று தண்ணீர் விடுகிறார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரு நாள் கூடத் தவறாமல் போனதால்தான் அது உயிரோடு இருக்கிறது.

எங்களுக்கு இது புரிந்தது ஒரு நஷ்டத்தினால். எங்கள் குழுவின் மூத்த அங்கத்தினர், வங்காளி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இரண்டு வருஷத்துக்கு முன் திடீரென்று காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் மனைவிக்கு முழங்கால் வலி. மாடி ஏற முடியவில்லை. 17 மரங்கள். நாங்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாக எடுத்துக்கொண்டோம். ஆனால் எதை எப்போது மண் மாற்றினார், எதற்கு எவ்வளவு தண்ணீர், எந்தக் கிளையை எதற்காக நீளவிட்டார், ஒன்றும் தெரியாது. எல்லாம் அவர் மனதில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்தான் வேர் வெட்டப்பட்டிருந்த மரத்தை மறுபடியும் வெட்டினோம். ஒரு வருஷத்துக்குள் ஐந்து மரங்கள் போயின. அவர் 22 வருஷம் வளர்த்த ஆலமரம் என்னிடம் இருக்கிறது. அது பிழைத்தது என் சாமர்த்தியத்தால் அல்ல; ஆலமரத்தின் சாமர்த்தியத்தால்.

அப்போது என்னுடைய சர்க்கார் புத்தி விழித்துக்கொண்டது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கோப்பு! மண் மாற்றிய தேதி, கம்பி கட்டிய தேதி, அவிழ்த்த தேதி, வந்த வியாதி, கொடுத்த மருந்து, அடுத்த வருஷம் செய்ய நினைப்பது எல்லாம் அதில் உண்டு. முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். இப்போது 14 பேரும் எழுதுகிறார்கள். கடைசிப் பத்தியின் தலைப்பு: 'எனக்குப் பிறகு யார்?' அதைக் காலியாக விடக் கூடாது. எனக்கு வயது 76. ஆலமரத்தின் கோப்பில், எங்கள் குழுவிலேயே வயதில் சிறியவளான, 28 வயதுப் பெண்ணின் பெயரை எழுதியிருக்கிறேன். இப்போதே வாரம் ஒரு நாள் வந்து, என் எதிரிலேயே கத்தரிக்கிறாள். சில சமயம் நான் வேண்டாம் என்று நினைக்கும் கிளையை அவள் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அது கத்தரிப்பதைவிடக் கஷ்டமான வித்தை.

நம்மில் பலருடைய பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்கிறார்கள். வீட்டில் நமக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் நிறைய இருக்கும். மரம் இல்லாவிட்டாலும், அவற்றுக்கும் ஒரு கோப்பு போட்டு வைப்பது நல்லது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்காக ஜேட் செடியின் கிளைகள் சில கொண்டு வந்திருக்கிறேன். வெட்டிய முனையை மூன்று நாலு நாள் நிழலில் உலர விட்டுப் பிறகு நடுங்கள். தண்ணீர் கொஞ்சமாக விடுங்கள். செத்துப்போனால் வெட்கப்படாமல் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முதல் அரைமணி நேரம் உங்களுக்குத்தான்.