பாதம் தாங்கும் பாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். அடியேனோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இந்தக் கரக்பூரில் பார்சல் குமாஸ்தாவாக இருபது ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே கம்பரையும் வள்ளுவரையும் கற்றோர்க்கு விட்டுவிட்டு, நாள் முழுதும் நம்மைச் சுமந்தும் நம் நினைவுக்கு வராத ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். அதுதான் நம் பாதம்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதலடி வைத்தேன். குதிகாலில் ஆணி அறைந்தாற்போன்ற வலி! பத்தடி நடந்தபின் சற்றே தணிந்தது. மாலையில் மீண்டும் வந்தது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில், "குதிகாலில் எலும்பு முள்போல் வளர்ந்திருக்கிறது" என்றார்கள். அறுவைச் சிகிச்சையாகுமோ என்றஞ்சி இரண்டு இரவு உறக்கமின்றிக் கிடந்தேன். பிறகு மற்றொரு மருத்துவர் விளக்கினார். அத்தகைய முள் வலியே இல்லாத பலருக்கும் உண்டாம். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாண்போல் ஒரு பட்டை உள்ளங்காலில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அது குதியில் பற்றியிருக்கும் இடத்தில் நைந்து போனதே என் வலிக்குக் காரணம். "நாள் முழுவதும் எப்படி ஐயா நிற்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியே இன்றைய உரைக்கு வித்து.

ரயில்வே காலனியில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று உண்டு. வண்டியின் பாரம் சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்குகிறது. தண்டவாளம் அதைச் சிலிப்பருக்கும், சிலிப்பர் சல்லிக்கும் பகிர்ந்தளிக்கின்றன. ஓரிடத்தில் சல்லி சரிந்துவிட்டால் அவ்விடத்துப் பாதை தாழ்ந்து போகிறது. குறை இரும்பினுடையதா? அன்று, பாரம் பரவாத குறை. பாதமும் அவ்வாறே. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை வளைவுகளாக அமைந்து, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நம் எடையைப் பகிர்ந்தளிக்கின்றன. நேராக நிற்கையில் பாதிக்கு மேற்பட்ட பாரம் குதிகாலிலே விழுகிறது.

ஆனால், நாம் நேராகவா நிற்கிறோம்? என்னை நானே கவனித்தேன். பார்சல்களை எண்ணும்போது இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, வலக்காலிலேயே முழுப் பாரத்தையும் ஊன்றுகிறேன். முன்தள்ளிய தொந்தி வேறு! வலி வந்ததும் அதே வலக்குதியில்தான்.

உள்ளங்காலும் ஒரு பேரேடுதான். நாம் நிற்கும் நிலையெல்லாம் அதில் பதிவாகின்றது. பாரம் மிகுந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பாகிறது. அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்தால் கால் ஆணி தோன்றுகிறது. உயர்ந்த குதியுள்ள செருப்பு பாரத்தை முன்பாதத்துக்குத் தள்ளுகிறது. கூரிய முனையுள்ள செருப்பு பெருவிரலை நெருக்குகிறது. பித்தவெடிப்பின் பெயரில் பித்தம் இருப்பினும், குற்றம் பித்தத்தினுடையது அன்று. வெறுங்காலுடன் நெடுநேரம் நிற்கையில் குதியிலுள்ள கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் பிதுங்குகிறது. உலர்ந்த தோல் ஈடுகொடுக்க மாட்டாமல் வெடிக்கிறது.

தாய்மார்களே! நம் குவார்ட்டர்ஸ் அடுக்களையின் சிமெண்டுத் தரையில் மணிக்கணக்காக நிற்கிறீர்கள். கோணிச் சாக்கை மடித்து, நழுவாதபடி காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த மணை ஒன்றில் ஒரு காலை வைத்து, கால்களை அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டிற்குள் செருப்பா என்று முகம் சுளிக்க வேண்டா; தெருவை மிதிக்காத மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்கென்றே இருக்கட்டும். காலையில் எழுமுன் கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதி தரையில் பதியக் கெண்டைக்கால் சதையை நீட்டுங்கள். இவற்றைச் செய்தே எட்டு மாதத்தில் என் வலி அகன்றது. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் அறுவையின்றியே குணமாகும்.

இறுதியாக ஒன்று, இதைச் சொல்லவே மேடையேறினேன். என் தகப்பனார் நெடுநாளாகச் சர்க்கரை நோயுள்ளவர். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். குளிர்காலமாதலின் புதிய கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன். அது சிறுவிரலை நெருக்கிற்று. உணர்வு மரத்த காலாதலால் அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நான் பார்க்கவில்லை. காலுறையில் ஈரம் கண்ட அன்று புண் எலும்பை எட்டியிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. என் குதிவலிக்குப் புலம்பிய நான், வலியின்மைக்கு அஞ்சக் கற்றது அப்போதுதான்.

இவ்வுண்மையை ஆராய்ந்து காட்டிய இடங்களுள் முதன்மையானது நம் வேலூர். கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பிய காலம் அது. வலி தெரியாத பாதத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணாகிறது என்பதை அவரும் உடன் உழைத்தோரும் விளக்கினர். அழுத்தத்தைப் பரப்பும் நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் அங்கே உருவாயின. அதே பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கிறது.

அன்பர்களே! பெரியோர் பாதம் தொட்டு வணங்குவது நம் மரபு. வணங்கும் கை, அப்பாதத்தைச் சற்றே திருப்பியும் பார்க்கட்டும். சர்க்கரை நோயுள்ளோரின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நாள்தோறும் விளக்கொளியில் பாருங்கள். சிவப்போ, கொப்புளமோ கண்டால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கால் ஆணியை வீட்டில் பிளேடால் அறுக்க விடாதீர்கள். நான் பார்க்கத் தவறியதை நீங்களேனும் பாருங்கள்.