மலையடிவாரக் குளங்களும் நன்னீர் மீனும்



வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் நாள்தோறும் லொறிகளில் இறங்கிச் செல்கின்றன. மீனோ கீழிருந்து மலையேறி வரவேண்டிய பொருள். கடற்கரையிலே விடியுமுன் ஏற்றப்பெற்ற மீன் பனிக்கட்டியின் தயவால் இவ்வுயரத்தை வந்தடையும்போது, அதன் விலையும் உடன் ஏறிவிடுகின்றது. ஆதலின் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில், லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு மீன் என்பது பெரும்பாலும் கருவாடும் நெத்தலியும், சம்பள நாளையொட்டி ஒரு டின் மீனுமே. இது வெறும் நாச்சுவை பற்றிய பேச்சன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறங்களிலோ அத்தொகை நூற்றுக்கு 32 ஆயிற்று. வளர்ச்சி குன்றுதற்குக் காரணங்கள் பல உள. உணவிலே புரதம் குறைதல் அவற்றுள் முக்கியமானதொன்று.

இத்தனைக்கும் ஊவா நீர்வளமற்ற மாகாணமன்று. பதுளை மாவட்டத்து மலைகளுக்குக் கீழே மொனராகலை மாவட்டத்திற் குளங்கள் நிரம்பியுள்ளன. 1949ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் பயனாகிய சேனநாயக்க சமுத்திரமும் அம்பாறை, மொனராகலை மாவட்டங்களின் எல்லையிலேதான் பரந்து கிடக்கின்றது. இலங்கையிற் பழைய மன்னர்கள் வெட்டியனவும், பின்னர் அரசாங்கங்கள் கட்டியனவுமாகிய இத்தகைய நீர்நிலைகள் எல்லாம் நெல்லுக்காகவோ மின்சாரத்துக்காகவோ எழுந்தவை. மீனை நினைத்துக் கட்டப்பெற்றது ஒன்றேனும் இல்லை எனலாம். எனவே குளத்தில் மீன்பிடிப்பவன் அக்குளத்தின் உரிமையாளன் அல்லன், விருந்தாளி போன்றவன். வயலுக்கு நீர் வேண்டுமெனில் மதகு திறக்கப்படும். மீன் கரையோரத்து ஆழமற்ற நீரிலே குழி பறித்து முட்டையிடுங் காலமாயினும், அதற்காக எவரும் மதகை மூடி வைப்பதில்லை.

இந்நாட்டுக் குளங்களில் விராலும் கெண்டையும் ஆதியிலிருந்தே வாழ்ந்தன. எனினும் பெருங்குளங்களின் நடுப்பரப்பிலே பெருகி, வலைக்குப் போதிய அறுவடை தரவல்ல மீன் அவற்றுள் மிகச் சிலவே. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் 1880களில் நுவரெலியாவின் ஓடைகளுக்கு ட்ரவுட் மீனைக் கொணர்ந்தனர். அது தூண்டிலிட்டுப் பொழுதுபோக்குதற்கு. தோட்டத் தொழிலாளியின் சட்டிக்கு அது வந்ததில்லை. ஏழைக்கு உதவிய மீன் 1952ஆம் ஆண்டிலே வந்தது. ஆபிரிக்காவின் மொசாம்பிக்கைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியாவே அது. விட்ட குளத்திலே தானாகவே இனம்பெருக்கி, பாசியையும் மக்கிய பொருளையும் தின்று வளரும் இம்மீன், சில ஆண்டுகளுள் வரண்ட பிரதேசத்துப் பெருங்குளங்களில் ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டது. இயந்திரமற்ற சிறு தோணி, இருவர், செவுள் வலை: அத்தொழிலுக்கு வேண்டியவை இவ்வளவே. சேற்று நாற்றம் உடையதென்று மலைநாட்டார் சிலர் இன்றும் அதனை ஒதுக்குவர். புளியை அளவறிந்து சேர்த்துச் சமைக்கும் வீடுகளில் இக்குறை கேட்கப்படுவதில்லை.

திலாப்பியாவுக்குத் துணையாகக் கட்லா, ரோகு முதலிய இந்தியக் கெண்டை வகைகளும் சீனக் கெண்டை வகைகளும் குளங்களில் விடப்பட்டன. இங்கேதான் ஒரு வேற்றுமையை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். திலாப்பியா தேங்கிய நீரிலே தானே பெருகும். இக்கெண்டைகளோ ஓடும் ஆற்றுநீரிலே முட்டையிடும் இயல்பின. குளத்திலே வளருமேயன்றிப் பெருகா. பொரிப்பகத்திலே ஊசிமருந்தேற்றி முட்டையிடுவித்துக் குஞ்சு பொரிக்கவைத்து, விரலளவு வளர்த்து, ஒவ்வோராண்டும் குளத்திலே விடுதல் வேண்டும். முதல் வகை மீனைக் காப்பதற்கு வலைக் கட்டுப்பாடு போதும். இரண்டாம் வகைக்கோ ஆண்டு தவறாத ஏற்பாடு ஒன்று நிலைத்திருக்கவேண்டும்.

அவ்வேற்பாடு ஒருமுறை அறுந்தது. 1990ஆம் ஆண்டில், உயிர்க்கொலைக்கு அரசாங்கம் துணைபோதல் தகாது என்னும் சமயப் பெரியார் சிலரின் மறுப்பையொட்டி, ஜனாதிபதி பிரேமதாசவின் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்திற்று. கொல்லாமை நெறி மதிக்கத்தக்கதே. ஆயினும் கடலிலே வலைவீசுவோனுக்கு உதவிய அதே கை, குளத்திலே வலைவீசுவோனுக்கு மட்டும் மடங்கியது ஏன் என்று கேட்போர்க்கு விடை கூறுதல் எளிதன்று. மீன்பிடி நிற்கவுமில்லை, மேற்பார்வையே நின்றது. பொரிப்பகக் குஞ்சுகள் வாராமையாற் கெண்டைகள் அருகின. தட்டிக் கேட்பாரின்மையாற் சிறுகண் வலைகள் குளமிறங்கின. 1989ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 தொன்னாக இருந்த உள்நாட்டு மீன் விளைவு, 1994இல் 12,000 தொன்னாயிற்று. உயிர்களைக் காத்தற்கென எடுத்த முடிவினால் முட்டையிடும் பருவத்தை எட்டாத இளமீன்களே வலையிற் சிக்கி மடிந்தன!

1994இல் அரசாங்க ஆதரவு மீண்டது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வளச் சட்டமும், 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்து நக்டா என்று சுருக்கி வழங்கும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் இத்துறைக்கு ஒரு சட்டகத்தை அளித்தன. உடவளவை, தம்புள்ளை, இங்கினியாகலை போன்ற இடங்களின் பொரிப்பகங்கள் குஞ்சுகளை வழங்குகின்றன. செவுள் வலையின் கண், இழுத்துப் பிடித்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது என்பது விதி. இதன் கருத்து எளிது: ஒரு மீன் ஒருமுறையாவது இனம்பெருக்கிய பின்னரே அகப்படவேண்டும். 2019ஆம் ஆண்டளவில் உள்நாட்டு விளைவு 90,000 தொன்னை எட்டியது.

விதியைக் காப்பவர் யார்? பரந்த குளமொன்றிலே இரவில் விரிக்கப்படும் வலைகளையெல்லாம் ஓர் அதிகாரி அளந்து பார்த்தல் இயலாது. குளத்து மீனவர் சங்கத்தாலேதான் அது இயலும். ஒவ்வொருவன் வலையையும் மற்றையோன் அறிவான். ஒருவன் சிறுகண் வலை விரிப்பின் அடுத்த ஆண்டு யாருடைய தோணி வெறுமையாகத் திரும்பும் என்பதையும் அறிவான். மழைக்கு நிரம்பிக் கோடையில் வற்றும் சிறு கிராமக் குளங்களிலே காரியம் இன்னும் தெளிவானது. மாரியின் பின் குஞ்சு விட்டு, ஆறேழு மாதங்களில் நீர் வற்றும்போது அறுவடை செய்தல் வேண்டும். அக்குளம் கமக்காரருடையது, ஆதலின் அவர்தம் அமைப்பு இணங்கி, அறுவடையிற் பங்கும் பெற்றாலன்றி அங்கே மீன் வளராது. நீர் சற்று முன்னரே திறக்கப்படுமாயின் ஓராண்டு உழைப்பு சேற்றிலே கிடந்து துடிக்கும்.

வெலிமடைக்கு இவற்றோடு நேரான தொடர்பு உண்டு. இங்குள்ள சரிவுகளில் மழைக்காலத்தே கழுவப்படும் மண் உமா ஓயாவிற் கலந்து, ரந்தம்பே நீர்த்தேக்கத்தைத் தூர்த்து வருதல் பலரும் அறிந்ததே. மண்ணோடு பயிர்களுக்குத் தெளித்த மருந்தும் செல்கின்றது. மீன்வளத்தைப் பேணுதல் என்பதிலே, கிழங்குப் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக வெட்டுதலும் அடங்கும் என்பதை மீன்பிடி அதிகாரிகளைவிட விவசாய அதிகாரிகளே கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியிருக்கின்றது.

உமா ஓயாவின் பாதையும் இப்போது மாறிவிட்டது. வெலிமடைக்கு அண்மையில் புஹுல்பொலவில் மறிக்கப்பெற்ற நீர், டயரபா தேக்கத்தை அடைந்து, நெடுஞ்சுரங்கத்தால் வெல்லவாயப் பக்கம் இறங்குகின்றது. அச்சுரங்கம் தோண்டுகையிற் பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் பல வற்றியமையை அங்குள்ளோர் மறக்கவில்லை. 2024 ஏப்ரலிலே திட்டம் திறந்துவைக்கப்பட்டது. மேலேயுள்ள இரு தேக்கங்களின் நீரும் குளிர்ந்தது; திலாப்பியா அங்கே விரைந்து வளராது. குளிர் தாங்கும் சாதாரணக் கெண்டையை அங்கு விட்டுப் பார்க்கலாம். மின்னுற்பத்திக்காக நீர் ஏறி இறங்குவதால் பெரும் அறுவடையை எதிர்பார்த்தல் கூடாது. கீழே ஹந்தபானகல போன்ற குளங்களின் நிலை வேறு. வெப்பமான நிலத்துக்கு மலைநீர் போய்ச் சேருகின்றது. குளத்தில் நீர் நிற்கும் மாதங்கள் நீளுமாயின், குஞ்சு விடுதற்கும் அறுவடைக்கும் ஏற்ற காலமும் நீளும்.

அங்கிருந்து மலைநாட்டுச் சந்தைக்கு மீன் வருதல் ஆகாத காரியமன்று. வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாக வெலிமடைக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர்; கரையோரத்து மீன் கடக்கும் தூரத்தினும் இது மிகக் குறைவு. வேண்டியவை குளக்கரையிலே பனிக்கட்டிக்கு ஓர் ஏற்பாடும், மீனவர் சங்கத்துக்கும் தோட்டக் கூட்டுறவுக் கடைகளுக்கும் இடையே வாரத்துக்கு இத்தனை கிலோ என்னும் ஓர் உடன்படிக்கையுமே. மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறிகள் இப்போதும் அவ்வீதியால் ஏறி வருகின்றன.