துகளின் அளவும் காந்தத்தின் ஆயுளும்



இரசாயனக் கூடத்து உழைப்பையே தம் வாழ்வாகக் கொண்ட ஒரு பெருமகனாரின் நினைவாக நிறுவப்பெற்ற இவ்வறக்கட்டளையின் சார்பில் பேச வாய்த்த இன்று, மாக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்ஸைடையே பொருளாக எடுத்துக்கொண்டேன். ஒரு பதார்த்தத்தைச் செய்யும் முறை வேறு, அதன் குணம் வேறு என்று பிரித்துப் பாடம் நடத்தும் நம் வழக்கம், இப்பதார்த்தம் நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிடும்போது செல்லாமற் போய்விடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபெரிக் உப்பு இரண்டு மோலும் ஃபெரஸ் உப்பு ஒரு மோலுமாக நீரில் கரைத்து, விடாது கலக்கியபடியே அம்மோனியாவைச் சேர்த்தால், பழுப்பு மஞ்சளாயிருந்த கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும். குடுவையின் பக்கத்தில் ஒரு காந்தத்தைப் பிடித்தால், மாக்னடைட் வண்டல் முழுவதும் அப்பக்கம் ஒதுங்க, எஞ்சிய நீர் தெளியும். நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை விலக்காவிடில் ஃபெரஸ் அயனி ஆக்ஸிஜனேற்றமடைந்து, கருமை மெல்லப் பழுப்பாகி, காமா ஃபெரிக் ஆக்ஸைடு விளையும். இந்த அம்மோனியா முறையில் பிறந்த துகள்களைக் கொண்டு, பரப்புச் செயலி ஏதுமின்றியே நீரில் நிலைத்திருக்கும் காந்தத் திரவங்களை ரெனே மாஸார் 1981இல் பிரான்ஸில் செய்து காட்டினார்.

இனிக் குணத்துக்கு வருவோம். பெருங்கட்டியினுள் காந்தத் திசைகள் பல மண்டலங்களாகப் பிரிந்து நிற்க, சிறு துகளிலோ மண்டலச் சுவர் எழுப்புவதற்குரிய ஆற்றல் கட்டுபடியாகாமையால் துகள் முழுவதும் ஒரே மண்டலமாகிவிடுகிறது. அதனினும் சிறுத்தால், வெப்ப அசைவே அத்திசையைப் புரட்டிவிடும். இதன் கணக்கை 1949இல் வகுத்த லூயி நீல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சுட்ட களிமண். சூளையில் வெந்து ஆறிய மண், பூமியின் காந்தப் புலத்தை நெடுங்காலம் தன்னுள் காத்து வைத்திருப்பது எங்ஙனம் என்பதை அவர் ஆராய்ந்தார். திசை புரளாது நிற்கும் காலம் துகளின் கனஅளவோடு அடுக்குக்குறி முறையில் பெருகுகிறது என்று அவர் கண்டதன் வலிமையை ஒரு சிறு கணக்கே காட்டும்: அடிப்படைக் காலத்தை ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கெனக் கொண்டால், 100 விநாடி நிலைக்கும் ஒரு துகளின் விட்டம் வெறும் 26 சதவீதம் கூடிக் கனஅளவு இரட்டித்த மாத்திரத்தில், அதே வெப்பநிலையில், அது மூன்று லட்சம் ஆண்டுகள் நிலைக்கும்! முதல் துகள், நிதானமாக அளக்கும் கருவிக்குத் தயக்கக் கண்ணியற்ற சூப்பர்பாரா காந்தமாகத் தோன்றும், இரண்டாவதோ நிலைக்காந்தமேயாகும்.

ஆகவே, பல அளவுத் துகள்கள் கலந்து விளையும் அம்மோனியா முறையின் மாதிரியில் நாம் அளப்பது பல காந்தங்களின் சராசரியே. ஸியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டேக்வான் ஹியோன் குழுவினர் 2004இல் வெளியிட்ட முறை இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. இரும்பு ஓலியேட்டை 274 பாகையில் கொதிக்கும் கரைப்பானில் சிதைத்தால் 5 நானோமீட்டரும், 365 பாகையில் கொதிப்பதில் சிதைத்தால் 22 நானோமீட்டரும் விட்டமுள்ள, ஏறத்தாழ ஒரே அளவுத் துகள்கள் கிடைத்தன. கரைப்பானின் கொதிநிலையே காந்தத்தின் தன்மையை நிர்ணயிக்கிறதென்றால், செய்முறையை அறிக்கையின் ஒரு மூலையில் ஒதுக்குவது எவ்வாறு தகும்?

அளவு ஒன்றே போதுமா என்றால், போதாது. பெருங்கட்டி மாக்னடைட்டின் தெவிட்டிய காந்தமாக்கல் கிராமுக்குச் சுமார் 92 இ.எம்.யு.; நுண்துகள்களில் அது பெரும்பாலும் குறைந்தே காணப்படுகிறது. சுமார் 6 நானோமீட்டர் காமா ஃபெரிக் ஆக்ஸைடுத் துகள்களை மாஸ்பவர் நிறமாலையால் ஆராய்ந்த கோயி, 5 டெஸ்லாப் புலத்திலும் மேற்பரப்பு அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்கள் முழுதும் இணங்காமல் சாய்ந்தே நிற்பதை 1971இல் அறிவித்தார். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் ஓலிக் அமிலமும் அந்த மேற்பரப்பு அயனிகளையே பற்றி நிற்பதால், கழுவும்போது அதில் எவ்வளவு நீங்கியது, எவ்வளவு எஞ்சியது என்பதும் காந்தமானியின் எண்ணில் வந்து சேர்ந்துவிடுகிறது.