லினக்ஸா, விண்டோசா: கேட்க ஆள் இருக்கிறதா?

(மாணவர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

துண்டறிக்கையில் ‘லினக்ஸா, விண்டோசா’ என்று போட்டிருக்கிறீர்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில் இரண்டு பக்கத்தையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. நான் கணினி அறிவியல் படித்தவனும் அல்ல, பழைய தலித் இதழ்களைப் பற்றி ஆய்வு செய்கிறவன். ஆனால் அந்த வேலைதான் என்னை இந்தக் கேள்விக்குள் இழுத்துவிட்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்? 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலி வேண்டும். இண்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்வார்கள். அதாவது 2017க்கு முன் வந்த கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அவர்கள் கணக்கில் செத்துப்போனவை.

நம் வீடுகளில் இருப்பவை எவை? 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். நானும் அப்படி வாங்கியவன்தான். எங்கள் தெருவுக்குள் கணினி என்ற பொருள் முதன்முதலில் நுழைந்ததே அந்தப் பையோடுதான். இலவசம், ஓட்டரசியல் என்று கேலி பேசியவர்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கணினி இருந்தது. நமக்கு அது முதல் கணினி. பல வீடுகளில் இன்றும் அது ஒன்றுதான். அக்காவுக்குக் கொடுத்தது, தம்பி படித்து, இப்போது அக்கா மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த இயந்திரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்த உத்தரவு யார் வீட்டில் போய் விழுகிறது என்று நாம் பார்க்க வேண்டும்.

அந்த மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கணினியைப் போட்டதும் எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும். என்னோடு வாங்கியவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் படம் ஏற்றிக்கொண்டார்கள். இதற்காக மாணவர்களைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர்கள் பெட்டியைக் கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்க ஆளைக் கொடுக்கவில்லை. ஆசிரியருக்கே அது என்னவென்று யாரும் சொல்லவில்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளிக் கணினிக் கல்வியை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். இன்று கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரித்துத் தருகிறது. அங்கே முதலில் பயிற்சி பெற்றவர்கள் ஆசிரியர்கள். பாடநூல், தேர்வு, பழுது பார்ப்பது எல்லாமே அதை ஒட்டி அமைந்தன. மலையாளப் பிள்ளைகளுக்குத் தனி மூளை ஒன்றும் இல்லை. கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் முயற்சி நடக்காமல் இல்லை. 2000களின் பிற்பகுதியில் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த நிறுவனத்தின் கணினிகளை லினக்சுக்கு மாற்றினார், அரசுக் கொள்முதலிலும் லினக்சைக் கொண்டுவந்தார். அவர் யார் என்று இந்த அரங்கில் பலருக்கும் தெரியும். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழைக் கேள்விக்குள்ளாக்கி அவரை இடைநீக்கம் செய்தார்கள், எதிர்ப்பு எழுந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வழக்குக்கும் லினக்சுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் ஒரு பெரிய மாற்றம் ஒற்றை அதிகாரியின் தோளில் நின்றால், அவர் போனதும் அது என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

இப்போது இன்னொரு வேடிக்கை. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலை எடுத்துப் பாருங்கள். அதில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது, ஓபன் ஆபீஸ் ரைட்டர் இருக்கிறது. நல்ல பாடநூல். அதைப் படித்து முடித்த பெண் வேலை தேடி வெளியே வந்தால், டைப்பிங் சென்டரில் எம்.எஸ். வேர்டு. ஜெராக்ஸ் கடையில் எம்.எஸ். வேர்டு. வேலைக்கு எடுக்கிறவர், “டேலி தெரியுமா, எக்செல் தெரியுமா?” என்றுதான் கேட்கிறார். பாடநூல் ஒரு பக்கம் இழுக்கிறது, சோறு ஒரு பக்கம் இழுக்கிறது. இந்த நிலையில் போய் அந்தப் பெண்ணிடம் “நீ சுதந்திரத்தைத் தேர்ந்தெடு” என்று பேசுவது அயோக்கியத்தனம். அவள் விண்டோசும் எக்செலும் கற்றுக்கொள்ளட்டும். வேலைக்குப் போகட்டும்.

லினக்ஸ் ஆதரவாளர்கள் மேடையில் வழக்கமாகச் சொல்லும் ஓர் உவமை உண்டு. மூல நிரலைப் பூட்டி வைப்பது வேதத்தைப் பூட்டி வைத்தது போல, அதைத் திறந்துவிட்டோம் என்பார்கள். கைதட்டல் கிடைக்கும். எனக்கு இந்த உவமை பாதிதான் பிடிக்கும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய இயக்கம் சொன்னது உண்மையிலேயே பெரிய விஷயம்: மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றி எழுதி வெளியிடலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருநிரல் அதோடு சேர்ந்தது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருநிரல்தான். அதையெல்லாம் மறுக்கவில்லை.

ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதாலேயே எல்லோரும் உள்ளே போய்விட முடியுமா? நிரல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிக்க நேரம் வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் உட்கார ஓர் அறை வேண்டும். பாதி ராத்திரியில் கணினி நின்றுவிட்டால் போன் போட ஒரு மாமா, ஒரு சித்தப்பா ஏதோ ஓர் ஐ.டி. கம்பெனியில் இருக்க வேண்டும். அவர்களுக்கு இருக்கிறார், நமக்குக் கடைவீதியில் ஓ.எஸ். போட்டுத் தருகிற அண்ணன்தான் இருக்கிறார். லினக்ஸ் இலவசம் என்கிறார்களே, அதன் உண்மையான விலை இதுதான்: தெரிந்த ஆள் ஒருவர். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த மாமா, சித்தப்பாவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் ஒரு நூல் எழுதினார். தகுதி என்று சொல்லப்படுவது சாதிச் சொத்தாக எப்படிச் சேர்கிறது என்பதுதான் அதன் பொருள். கட்டற்ற மென்பொருள் உலகத்துக்கும் அது பொருந்தும். புதிதாக வந்தவர் தட்டுத் தடுமாறி ஒரு கேள்வி கேட்டால், ‘முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா’ என்று விரட்டுகிற பழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. வாசற்படியிலேயே நிறுத்தி வைப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் போனால் அநியாயம். பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். கழித்துப்போட்ட பழைய கணினிகள், லினக்ஸ், அந்தப் பகுதிப் பிள்ளைகள், அவ்வளவுதான் மூலதனம். தமிழில் எழுதும் கணியம் இதழ்க் குழு 2012இலிருந்து கட்டுரைகளும் மின்னூல்களுமாகக் கொண்டுவருகிறது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறது. மூன்று இடத்திலும் மென்பொருளுக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, நான் இதற்குள் எப்படி வந்தேன் என்று சொல்கிறேன் என்றேன்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். நூறாண்டுக்கு மேலான அந்தத் தாள்கள் பொடிந்திருக்கின்றன, கிழிந்திருக்கின்றன, ஆனாலும் கண்ணிருப்பவர் படிக்கலாம். 1990களில் வந்த ஒரு தலித் சிற்றிதழின் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். அச்சுப்படிகள் பாதி மழையில் போய்விட்டன. “கவலைப்படாதீங்க தம்பி, எல்லாம் சிடியில இருக்கு” என்று ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். திறந்தால் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்ததோடு சரி. எழுத்துரு, அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று வைத்திருந்த குறியேற்றத்தில் ஒன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது, ஒரு பெண் தன் ஊரில் நடந்த கொடுமையை எழுதிய கட்டுரை ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் டாலர் குறியுமாக எனக்குத் தெரிந்தது. 1907இல் எழுதியதைப் படிக்க முடிகிறது. 1997இல் எழுதியதைப் படிக்க முடியவில்லை.

விண்டோஸ் வைத்திருந்ததால் வந்த கேடு என்று இதை எளிமையாகச் சொல்லிவிட முடியாது. லினக்சிலும் கோப்பைத் தொலைக்கலாம். ஆனால் ஒரு நிறுவனம் கைவிட்டால் கூடவே நம் எழுத்தும் போகும்படியான வடிவத்தில் அதை வைத்தது யார் முடிவு? அயோத்திதாசரும் சீனிவாசனும் அச்சைத் தம் கைக்குள் கொண்டுவர அவ்வளவு பாடுபட்டார்களே, அம்பேத்கர் பத்திரிகையோடு அச்சகமும் நடத்தினாரே, எதற்காக? அடுத்தவன் அச்சகத்துக் கதவைச் சாத்தினால் நம் பேச்சு நின்றுவிடக் கூடாது என்றுதான். அந்தக் கோப்புகளைக் கடைசியில் மீட்டோம். குறியேற்ற மாற்றிகளைக் கொண்டு யூனிகோடாக மாற்றினோம். அச்சுப்படிகளில் மிஞ்சியவற்றை டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரியில் கொடுத்துத் திருத்தினோம். எல்லாம் ஒரு பழைய விலையில்லா மடிக்கணினியில், லினக்சில் நடந்த வேலை. வேலை முடிய ஏழு மாதம் ஆனது.

அதனால் என் முதல் வேண்டுகோள் இயங்குதளத்தைப் பற்றியதே அல்ல. இயக்கத்தின் தீர்மானங்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், வழக்குத் தாள்கள், இதழ்கள் எல்லாவற்றையும் யூனிகோடில் அடியுங்கள். எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் ஒரு படியும், பிடிஎப்பில் ஒரு படியும் வையுங்கள். லிப்ரே ஆபீஸ் விண்டோசிலும் ஓடும், இன்று இரவே போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, பழைய மடிக்கணினிகள். இணையம் பார்ப்பது, வாட்ஸ்அப் வெப், யூடியூப், விண்ணப்பம் நிரப்புவது, தமிழில் தட்டச்சு செய்வது, இவ்வளவுதான் ஒரு வீட்டுக் கணினியின் அன்றாட வேலை. இத்தனையையும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு 4 ஜிபி நினைவகத்தில் சிரமமில்லாமல் செய்கிறது. தமிழ் 99 விசைப்பலகையும் இருக்கிறது, பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. ஜெராக்ஸ் கடை பென்டிரைவில் தொற்றிக்கொண்டு வந்து எல்லாக் கோப்புறையையும் ஷார்ட்கட்டாக மாற்றுமே ஒரு வைரஸ், அது இங்கே செல்லாது. இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்னால், முடிந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். பாதி மந்தம் அதிலேயே போய்விடும்.

மாற்றக் கூடாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கெழுதிச் சம்பாதிப்பவர், போட்டோஷாப்பில் பிளக்ஸ் அடிப்பவர், தட்டச்சுத் தேர்வுக்குத் தயாராகிறவர், இவர்கள் விண்டோசிலேயே இருங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்சில் உயிரை எடுக்கும், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021இல் ஓர் அறிக்கை தந்தது. நெட்வயர் என்ற வேவு நிரல் மூலம் அந்தக் கணினிக்குள் கடிதங்கள் வைக்கப்பட்டன என்றது. புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. லினக்ஸ் வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாசல், நம்பிக்கையான பெயரில் வந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பு. அதைத் திறக்காமல் இருக்கும் பழக்கம் எந்த இயங்குதளத்திலும் பெட்டிக்குள் வருவதில்லை.

நடுவில் நின்றுபோன மடிக்கணினித் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்து, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கருவிகள் தருவதாக 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அரசு அறிவித்தது. பெட்டியோடு ஒவ்வொரு கல்லூரிக்கும் பயிற்சி பெற்ற ஆட்களையும் கேட்க வேண்டியது நம் வேலை. அதுவரை நம் ஆட்களை நாமே உருவாக்க வேண்டும். ஞாயிறு பத்து மணிக்கு இதே அரங்கில் ஆறு தோழர்கள் உட்காருகிறோம். பழைய மடிக்கணினியை எடுத்து வாருங்கள். முதலில் உள்ளே இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் வேறோர் இடத்தில் எடுத்து வைப்போம், அதற்குப் பிறகுதான் எதிலும் கை வைப்போம். பென்டிரைவிலிருந்தே லினக்சை ஓட்டிக் காட்டுகிறோம், பிடிக்கவில்லை என்றால் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். சார்ஜர் மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள், அந்தப் பேட்டரிகள் எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது.